ஒன்பதாவது கண்டன்சர்

அத்தியாயம் 7

மூன்று மணிக்கு விசாரணை. காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் கையில் ஒரு குற்றவாளிகூட மிச்சம் இல்லை.

நேற்றுவரை ஒருவர் இருந்தார். ஆராய்ச்சிக்கூடத்தின் துறைத் தலைவர். பார்த்தால் குற்றவாளி மாதிரியே இருப்பார், பேசினால் அதில் சந்தேகமே மிஞ்சாது. ஆனால் துர்கா பூஜை விடுமுறை முழுக்கக் குடும்பத்தோடு பூரியில் இருந்ததற்கு ரயில் டிக்கெட், ஓட்டல் ரசீது, போட்டோ என்று அத்தனையும் எடுத்துக் காட்டிவிட்டார். போட்டோவில் கடற்கரை வெயிலில் மங்கி குல்லாய் போட்டுக்கொண்டு நிற்கிறார். அப்படி நிற்கிற மனிதரை எந்தக் கோர்ட்டும் தண்டிக்காது.

என் பெயர் அருக்காணி. ஊர் ஈரோடு, இருப்பு வங்காளத்து டாக்குரியா. துப்பறியும் வீரராகவனிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். டைப் அடிக்க வேலை ஒன்றும் வராததால் அசிஸ்டெண்ட் ஆகிவிட்டேன். சார் அதற்கு முன்னால் இருபது வருடம் ஒரு நெருப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்துபோன கோடவுனில் நுழைந்து, எது எரிந்தது என்று பார்க்க மாட்டார், சூடு எங்கே போயிற்று என்று பார்ப்பாராம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. என் டீயைக்கூட விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு தடவை சுட வெச்சிருக்கே," என்பார்.

பாலிகஞ்சில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் மாடி அறையில் நாங்கள் மூன்று பேர். எதிரே டாக்டர் சிவராமகிருஷ்ணன், எங்கள் கட்சிக்காரர். வயது நாற்பத்தாறு என்றார், அறுபது என்றால் நம்புவேன். மனைவி ஜகதாம்பாள் இறந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தார். சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவர் மேல் உள்ள புகார் சின்னது, ஆளை அழிக்கப் போதுமானது. நோட்டில் பொய் அளவு எழுதினார் என்பது. இன்றைக்கு மூன்று மணிக்குக் கமிட்டி அவரை வேலையை விட்டு அனுப்பப் போகிறது.

"வேலை போனாப் போகட்டும்," என்றார் டாக்டர். "பொய் எழுதினவன்னு வெளியில போகக் கூடாது. இந்தத் தப்பு எங்கேன்னு தேடிண்டுதான் எழுபது நாள் ஆத்துக்குச் சரியாப் போகாம இங்கேயே கிடந்தேன். அவ போனப்போகூட நான் பக்கத்துல இல்லை."

வீரராகவன் சார் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "எனக்கு ஒரு தடவை சொன்னேள். அருக்காணிக்குப் புரியற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்கோ," என்றார். தனக்குப் புரியாததையெல்லாம் சார் என் கணக்கில்தான் கேட்பார்.

டாக்டர் மேஜை மேல் இருந்த கெம்புக் கல் போன்ற சின்னச் சிவப்புத் தண்டைத் தொட்டார். "இது மேல விளக்கு வெச்சுப் பச்சை வெளிச்சத்தை அடிக்கிறோம். சிவப்பு லேசரா வெளியே வரும். ஒரு பச்சைத் துளியை முழுங்கினா ஒரு சிவப்புத் துளி தரும், அதுக்கு மேல தராது. சிவப்புத் துளிக்கு சக்தி கம்மி. பச்சை நூறுன்னா சிவப்பு எழுபத்தொன்பது. மிச்சம் இருபத்தொண்ணு சூடாத்தான் போகணும்."

"நல்ல கல்லா வாங்கிப் போட்டாலுமுங்களா?"

"வைரத்துல பண்ணினாலும் அதே கதிதான். நாலா பக்கமும் சிதறி ஓடற வெளிச்சத்தை ஒரே கோட்டுல நிறுத்தறோம். அந்த ஒழுங்கு சும்மா கிடைக்காது, கொஞ்சத்தைச் சூடா வெளியே கொட்டியே ஆகணும். ரயில் எஞ்சினுக்கு என்ன சட்டமோ அதேதான் லேசருக்கும்."

"நெல்லுக் குத்தினா உமி போகாம இருக்குமுங்களா," என்றேன். டாக்டர் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

"அவ்வளவுதான். நான் நாலு வருஷம் கஷ்டப்பட்டு நூத்துக்கு எழுபத்திரண்டு வரைக்கும் வந்தேன். ஒரு வருஷமா அங்கேயே நிக்கறது. ஆயுத பூஜைக்கு மறுநாள் மெஷினைப் போட்டேன். எண்பத்தொண்ணு காட்டறது."

"எழுபத்தொம்பதைத் தாண்டிருச்சுங்களே."

"தாண்டவே முடியாது. ஆனா மீட்டர் காட்டினதை எழுதாம இருந்தா அதுதானே பொய்? எழுதினேன். ஒன்பது நாள் அதேதான் வந்தது. பூஜை லீவு முடிஞ்சு எல்லாரும் வந்தா, பழையபடி எழுபத்திரண்டு. பார்த்த சாட்சி யாரும் இல்லை. லீவுல தனியா உட்கார்ந்து எழுதிண்டான்னு சொல்றா."

சார் நோட்டை என் பக்கம் திருப்பினார். ஒரு பத்தியில் விரலை வைத்திருந்தார். விளக்கைக் குளிர்விக்கிற தண்ணீர், உள்ளே போகும்போது எத்தனை டிகிரி, வெளியே வரும்போது எத்தனை டிகிரி என்ற பத்தி.

"அருக்காணி, உமி குறைஞ்சா என்ன அர்த்தம்?"

"அரிசி கூடியிருக்குதுன்னு அர்த்தமுங்க."

"அரிசியும் கூடி, உமியும் கூடினா?"

நான் யோசிக்கக்கூட இல்லை. "உரல்ல எவனோ நெல்லை அள்ளிப் போட்டிருக்கானுங்க."

சார் டாக்டரிடம் திரும்பினார். "பூஜைக்கு முன்னாடி தண்ணி எட்டு டிகிரி சூடாச்சு. அந்த ஒன்பது நாளும் ஒன்பது டிகிரி. வெளிச்சமா வெளியே போறது கூடினா, சூடு கொஞ்சமாவது குறையணும். இங்கே ரெண்டும் ஏறியிருக்கு. உள்ளே போற கரண்டே கூடியிருக்கு, சார்."

டாக்டர் நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "குழாய்ல தண்ணி மெதுவா வந்திருக்கும்னு விட்டுட்டேன்," என்றார் மெல்ல. "வெளிச்சத்தையே பார்த்துண்டு இருந்தேன்."

"உள்ளே போற கரண்டை எப்படி அளக்கறேள்?"

"கண்டன்சர்தான். எட்டு கண்டன்சர்ல கரண்டைச் சேர்த்து வெச்சு ஒரேயடியா விளக்குக்கு விடறோம். எட்டுன்னு தெரியும், வோல்ட் மீட்டர் இருக்கு. பெருக்கினா வந்துடும். சேர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆறதுங்கறதைப் பார்க்கறதே இல்லை. இந்த ஊர் லோட் ஷெட்டிங்குல ஒரு நாள் ஒரு நிமிஷம் ஆகும், ஒரு நாள் மூணு நிமிஷம் ஆகும்."

"எழுபத்திரண்டை எட்டால வகுத்தா?"

"ஒம்போதுங்க," என்றேன். சார் புருவத்தைத் தூக்கியபடியே இருந்தார். வாய்ப்பாடு தானாக மேலே ஓடியது. "எட்டொம்போது எழுபத்திரண்டு. ஒம்பொம்போது எண்பத்தொண்ணு." சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. "ஐயோ சார், ஒம்போதாவது கண்டன்சருங்க."

"இவளை நான் டைப்பிஸ்டாவா வெச்சிண்டிருந்தேன்," என்றார் சார்.

கண்டன்சர்கள் மேஜைக்கடியில் ஒரு கம்பி வலைக் கூண்டுக்குள் இருந்தன. கையை வைத்தால் ஆளைத் தூக்கி அடித்துவிடும் என்பதால் பூட்டியே இருக்கும். சாவி மெக்கானிக் ஏழுமலையிடம். அவன் ஒரு வாரமாக லீவு. வாட்ச்மேன் ஆபீசிலிருந்து இன்னொரு சாவி கொண்டுவந்து, "ஜாக்கிரதை, தீதி," என்று என்னை அக்காவாக்கிக் கையில் கொடுத்துவிட்டு நாலடி தள்ளி நின்றான். வங்காளிகளுக்குப் பெண்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

உள்ளே பலகை மேல் நெய் டின் உயரத்தில் எட்டு கண்டன்சர்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"யார் வெச்சது?"

"ஜகதாதான். நவமி அன்னிக்கு. ஊரே பந்தல் பந்தலா அலைஞ்சிண்டிருந்தது. இங்கே நாங்க மூணு பேர்தான், நான், அவ, ஏழுமலை. அவளுக்கு அப்பவே நடக்க முடியாது. ஏழுமலைதான் நாற்காலியோட தூக்கிண்டு வந்தான். நான் மீட்டருக்கெல்லாம் பூ வெச்சேன், கூண்டு அவ பொறுப்பு."

ஆராய்ச்சிக்கூடத்து வங்காளிகளுக்கு இதில் ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் மெஷினுக்குப் பூஜை போடுவது ஒரு மாதம் முன்னால், விசுவகர்மா நாளில். நவமிக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் பொட்டோடு நிற்க நம் ஜனங்களால்தான் முடியும்.

சார் டார்ச்சை அடித்தார். எட்டாவது கண்டன்சருக்கு அப்பால் பலகை காலி. அந்தக் காலி இடத்துக்கு முன்னால், பலகை விளிம்பில், காய்ந்த சந்தனம் ஒரு சொட்டு. எதிரே ஒன்றும் இல்லாமல் சந்தனம் எதற்குச் சொட்ட வேண்டும்?

"டாக்டர், அம்மா எத்தனைக்குப் பொட்டு வெச்சா?"

டாக்டர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது, தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

"அன்னிக்கு ராத்திரி சொன்னா," என்றார். "'ஒன்பதுக்கும் பொட்டு வெச்சுட்டேன், குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிடுத்து'ன்னா. 'எட்டுடீ, உனக்கு எண்ணவே வராது'ன்னு சொன்னேன். அவ சிரிச்சா. 'சரி, எட்டுதான்'னுட்டா. நான் தலையைக்கூடத் தூக்கலை, வீரராகவன். எழுபது நாளாத் தேடினேன். முதல் நாளே என்கிட்டே சொல்லிட்டா."

அந்த அறையில் அதற்கு மேல் நிற்க என்னால் முடியவில்லை. நான்தான் முதலில் படியிறங்கினேன்.

ஏழுமலை வீடு கார்டன் ரீச்சில். மூன்று டாக்ஸிக்காரர்கள் நாங்கள் இடத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நாலாவது ஆளிடம் நான் இடத்தைச் சொல்லாமல் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கிதர்பூர் வந்த பிறகுதான் சொன்னேன். அதற்குள் அவருக்கும் திரும்பிப் போக அலுப்பு.

"ஏழுமலைக்கு டாக்டர் மேல என்னங்க கோபம்?" என்று சாரைக் கேட்டேன்.

"அவனை வேலைக்குச் சேர்த்தது டாக்டர். அவன் பொண்ணுக்கு ஸ்கூல் அட்மிஷன் வாங்கித் தந்தது டாக்டர். ஜுரம்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போறது டாக்டர். கோபம் எங்கேருந்து வரும்? அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

கப்பல் கட்டுகிற யார்டின் மதிலை ஒட்டி ஒரு சந்து. ஏழுமலை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதிருக்கும், கறுத்த, கட்டான ஆள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான், யார் என்று கேட்கவில்லை. வேலைக்குப் போகிற சட்டை போட்டிருந்தான்.

"லீவுன்னாங்க, சட்டை மாட்டிட்டு எங்கீங்க?" என்றேன்.

"தெனம் ஆபீஸ் கேட்டு வரைக்கும் போறேன் அக்கா. உள்ள போய் சொல்லிடணும்னுதான் போறேன். அப்பால திரும்பி வந்துடறேன்."

உள்ளே ஒரே அறை. சுவரில் சாமி அலமாரி. முருகன் படம், பெருமாள் படம், இரண்டுக்கும் நடுவில் நெய் டின் உயரத்தில் ஒரு கண்டன்சர். நெற்றியில் சந்தனம், குங்குமம். அதற்கும் ஒரு முழம் பூ போட்டிருந்தது. சாதாரண நாளாக இருந்தால் நான் இதற்கு என்னவெல்லாம் சொல்லியிருப்பேன். இன்றைக்கு வாய் வரவில்லை.

"அம்மா கையால வெச்ச பொட்டு," என்றான் ஏழுமலை. "அழிக்க மனசு வரல."

சார் பாயில் உட்கார்ந்தார். "சொல்லு, ஏழுமலை. அவசரமில்லை." மணி பன்னிரண்டே கால்.

"அம்மாவுக்குத் தேறாதுன்னு ஆஸ்பத்திரி டாக்டருங்க சொல்லிட்டாங்க சார். அம்மாவுக்கும் தெரியும். நான் தெனம் சாப்பாட்டு கேரியர் எடுக்கப் போவேன். ஒரு நாள் சொன்னாங்க. 'ஏழுமலை, ஒரு வருஷமா அவர் மூஞ்சியில சிரிப்பே இல்ல. அந்த லைட்டு கூட மாட்டேங்குது. அது கூடி, அவர் ஒரு நாள் சந்தோஷமா இருக்கறதைப் பாத்துட்டா நான் நிம்மதியாப் போயிடுவேன். உன்னால ஏதாச்சும் பண்ண முடியுமா?' இதான் கேட்டாங்க. நான் இன்னா படிச்சேன்? கண்டன்சர் ஒண்ணு கூடப் போட்டா லைட்டு கூடும், அதான் எனக்குத் தெரியும். ஸ்டோர்ல ரிப்பேர்னு தள்ளி வெச்சது ஒண்ணு இருந்தது. சரி பண்ணி, பூஜைக்கு மொத நாள் மாட்டினேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"எத்தனை இருக்கணும்னு தெரியாது சார் அவங்களுக்கு. இருந்ததுக்கெல்லாம் பொட்டு வெச்சாங்க. நான் மீட்டரு மேல ஏறினா நல்லதுன்னு நெனச்சேன். இதுக்கு மேல ஏறவே கூடாதுன்னு ஒரு கோடு இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் டாக்டர் சார் சிரிப்பாருன்னு பக்கத்துலயே நின்னேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு. 'கண்டன்சர் சரியா இருக்கா'ன்னு கேட்டாரு. 'இருக்கு'ன்னேன். கேட்ட ஒடனே சொல்லியிருக்கணும். அப்ப நாக்கு பொரளல. லீவு முடியற அன்னிக்குக் கழட்டிட்டேன். பழசு மாதிரி ஆயிட்டா சார் விட்டுடுவாருன்னு நெனச்சேன். அதுக்கப்புறம்தான் ஜாஸ்தி ஆயிடுச்சு."

"இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கலை?"

"அம்மா உசுரோட இருந்தப்ப, தெரிஞ்சா அவங்க மனசு ஒடஞ்சிடும்னு பயம். அவங்க போனப்புறம், தெரிஞ்சா சார் மனசு ஒடஞ்சிடும்னு பயம்." சாரின் காலைப் பிடித்துக்கொண்டான். "நான் பண்ணேன்னு எழுதுங்க சார். ஜெயிலுன்னாலும் போறேன். அம்மா கேட்டாங்கன்னு மட்டும் எழுதாதீங்க."

வீரராகவன் சார் இருபது வருடமாகப் பொய் ஸ்டேட்மென்ட்டுகளைக் கிழித்தவர். என்னைப் பார்த்து, "அருக்காணி, எழுதிக்கோ. அவன் சொன்னபடி," என்றார். எழுதினேன். அம்மா என்ற சொல் அதில் எங்கும் வரவில்லை. ஏழுமலை கையெழுத்துப் போட்டான். கண்டன்சரை வேட்டியில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு தூக்கிக்கொண்டான்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆராய்ச்சிக்கூடம் வந்து சேர்ந்தோம். வாசலிலேயே டாக்டரிடம் ஸ்டேட்மென்ட்டைக் கொடுத்தோம். படித்தார். ஏழுமலையைப் பார்த்தார். பியூன் வந்து, "ஷிப்ராம் பாபு," என்று டாக்டரைக் கூப்பிட்டான். எங்கள் நால்வரையும் உள்ளே விட்டார்கள்.

உள்ளே நடந்தது சொற்பம். ஒன்பதாவது கண்டன்சரை மாட்டி மெஷினைப் போட்டார்கள். எண்பத்தொன்று. கழற்றிவிட்டுப் போட்டார்கள். எழுபத்திரண்டு. தண்ணீரும் ஒன்பது, எட்டு என்று சாட்சி சொன்னது. மங்கி குல்லாய்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர் எழுந்து, "இவனை ஒன்றும் செய்யாதீர்கள். கண்டன்சரை எண்ணிப் பார்க்காதது நான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஏழுமலைக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். டாக்டர் எழுதியது பொய் இல்லை, பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. டைப் அடிக்க ஆளில்லை என்றார்கள். நானே அடித்துக் கொடுத்தேன், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் டாக்டர் உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டோம். எனக்கு ரசகுல்லா வாங்கித் தரச் சொல்லிச் சாரைக் கேட்கலாம் என்றுகூட நினைத்தேன். அப்போது டாக்டர் கேட்டார்.

"ஏழுமலை, என்னைக் கேக்காம நீ ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்ப மாட்டே. யார் சொன்னா?"

"அது கேஸுக்குத் தேவையில்லை, டாக்டர்," என்றார் சார் அவசரமாக.

"கேஸ் முடிஞ்சுடுத்து. எனக்குத் தேவை."

ஏழுமலை என்னைப் பார்த்தான், சாரைப் பார்த்தான். அவனால் அந்த மனிதரிடம் இரண்டாவது தடவை பொய் சொல்ல முடியவில்லை. "அம்மாதான் சார்," என்றான். கேரியர் எடுக்கப் போனது, அம்மா கேட்டது, எல்லாம் சொன்னான். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

"அப்புறம்?" என்றார். "எழுபது நாள் நான் சரியாவே ஆத்துப் பக்கம் போகலை. நீ தினம் போனியே. அவ ஏதாவது கேட்டாளா?"

"கேட்டாங்க சார். சார் ஏன் வரலன்னு தெனம் கேப்பாங்க."

"நீ என்ன சொன்னே?"

"லைட்டு நல்லா வந்துடுச்சும்மா, சார் சந்தோஷத்துல மெஷினை வுட்டு வர மாட்டேன்றாருன்னு சொன்னேன்."

"நம்பினாளா?"

"நம்பினாங்க சார். எனக்கு ரெண்டு தோசை எச்சாப் போடச் சொல்லுவாங்க சமையக்காரம்மாகிட்ட. கடைசி நாளு மூச்சு வாங்கறப்ப, சாரைக் கூட்டியாரேன்னு ஓடப் பாத்தேன். என் கையைப் புடிச்சு நிறுத்திட்டாங்க." ஏழுமலை சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "'இப்பத்தான் சந்தோஷமா இருக்கார், போய்க் கலைக்காதே'ன்னாங்க."

டாக்டர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். கமிட்டியின் தீர்மானம் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. நான் அதை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். எனக்குக் கண் மறைத்ததில் பையின் ஜிப்பை மூட வரவில்லை, சார்தான் மூடினார்.

"நான் ஒரு நாள்கூட சந்தோஷமா இல்லையேடா," என்றார் டாக்டர். பிறகு ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டார். "அது அவளுக்குத் தெரியாதே?"

"தெரியாது சார்."

டாக்டர் அதையே மறுபடியும் கேட்டார். ஏழுமலையும் அதையே மறுபடியும் சொன்னான்.